தொட்டில் பருவத்தோடு முடிவதன்று தடுப்பூசி

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலும் பீங்கான் சூளைகளும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் மருத்துவ ஆராய்ச்சியாளருக்கு இவ்வூர் வேறொரு காரணத்தால் பரிச்சயமானது. நெல்வயலில் தேங்கிய நீரிலே பிறக்கும் கியூலெக்ஸ் கொசுவானது, கொக்கு நாரை முதலிய பறவைகளிடமிருந்தும் பன்றிகளிடமிருந்தும் பெற்றுவந்து குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், பழைய தென்னாற்காடு மாவட்டத்தை வெகுகாலம் வாட்டி வந்தமையால், மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் இங்கே ஒரு கள நிலையம் வைத்து, சுற்றியுள்ள கிராமங்களில் பல வருஷங்கள் கொசுக்களைப் பிடித்து ஆராய்ந்தனர். இந்தியாவில் அந்நோய் முதன்முதலாக அறியப்பட்டதும் 1955-இல் வேலூர்ப் பக்கத்தில்தான்.

அதன் கொடுமையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கிருமி புகுந்தோரில் மிகச் சிலருக்கே மூளை வீங்குகிறது. ஆனால் அப்படி வீங்கியவர்களில் நூற்றுக்கு இருபது முப்பது பேர் மாண்டுபோகிறார்கள். பிழைத்தவர்களிலும் பலர் பேச்சும் நடையும் புத்தியும் குன்றி, பெற்றோரின் ஆயுள் உள்ளளவும் அவர்கள் கையையே எதிர்பார்த்து வாழ நேர்கிறது. அந்தக் கிருமியைக் கொல்ல இன்றுவரை ஒரு மருந்தும் கிடையாது. ஆகவேதான் கடலூர் மாவட்டத்துக் குழந்தைக்கு ஒன்பது மாதம் நிரம்பியதும், தட்டம்மை ரூபெல்லா ஊசியோடு இதற்கும் ஒரு ஊசியும், ஒன்றரை வயதையொட்டி மற்றொன்றும் போடுகிறார்கள். புதன்கிழமைதோறும் கிராம சுகாதாரச் செவிலியர் செய்துவரும் இந்தக் கைங்கரியத்துக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்பதைப் பெற்றவர்களே அறிவார்கள்.

எனினும் குழந்தைக்கு ஐந்து வயது கடந்துவிட்டால், தடுப்பூசி அட்டையைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, அத்துடன் அந்த விஷயம் முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். தொண்டை அடைப்பானுக்கும் இரண ஜன்னிக்கும் எதிராகச் சிசுப் பிராயத்தில் பெற்ற சக்தி நாளடைவில் குறைந்துவிடும் என்பதால்தான் பத்தாம் வயதிலும் பதினாறாம் வயதிலும், பின்னர் ஒவ்வொரு கர்ப்ப காலத்திலும் டி.டி. ஊசி விதிக்கப்பட்டிருக்கிறது. பெண் குழந்தைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுக்குள் போடவேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் உபதேசம். அறுபதைக் கடந்தவர்களுக்கோ, சாதாரண ஜுரமாகத் தொடங்கும் இன்ஃபுளுயன்சாவே நிமோனியாவாகி உயிருக்கு உலைவைக்கக்கூடும்.

நம் ஊரில் பெரியவர்களுக்கான தடுப்பூசி மேலும் அவசியமாகிறது. களிமண்ணையும் படிகக்கல் மாவையும் நாள்தோறும் கையாளும் தொழிலாளியின் நுரையீரலில் சிலிகாத் தூசு படிந்து படிந்து, நிரந்தர ரணமும் இறுக்கமும் உண்டாகி, காசநோய் எளிதில் பற்றிக்கொள்ளும் நிலைமை நேரலாம். தூசுக்கு ஊசி பரிகாரமன்று; மண்ணை ஈரமாக வைத்து வேலைசெய்வதும், காற்றோட்டமும், தகுந்த முகமூடியும் முதலாளிகளின் கடமை, அதிலிருந்து அவர்களை எவரும் விடுவிக்க இயலாது. ஆனால் ஏற்கெனவே நலிந்த நுரையீரலுக்கு ஆண்டுதோறும் இன்ஃபுளுயன்சா ஊசியும், நியூமோகாக்கஸ் கிருமிக்கெதிரான ஊசியும் பெரும் காப்பு. இவ்விரண்டையும் பெரியவர்களில் பெரும்பாலோர் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தினக்கூலி வாங்குகிற ஒருவர் அந்தச் செலவுக்கு எங்கே போவார்?

பெரியவர்கள் ஊசிக்கு வரமாட்டார்கள் என்ற சமாதானம் செல்லாது. 2021-இல் கொரோனாத் தடுப்பூசிக்காக, வயது முதிர்ந்தோரும் இளைஞருமாக இந்நாட்டு ஜனங்கள் வரிசையில் நின்றதை அனைவரும் பார்த்தோம். வாசலுக்கு அருகில், இலவசமாக, தெளிவான விளக்கத்தோடு கொடுத்தால் மக்கள் பெற்றுக்கொள்கிறார்கள்.

ஆகையால் சுகாதாரத் துறையார் பீங்கான் தொழிலாளருக்கும் முதியோருக்கும் இவ்வூசிகளைச் செலவின்றிக் கிடைக்கச் செய்ய வேண்டும்; தொழிற்கூட உரிமையாளர்கள் அதற்காக அரைநாள் கூலியோடு விடுப்பளிக்க வேண்டும். வாசகர்களும் அடுத்த முறை வீட்டுக் குழந்தையை ஊசிக்கு அழைத்துச் செல்லும்போது, உடன் வரும் தாத்தா பாட்டிக்கும் தங்களுக்கும் எந்த ஊசி பாக்கியிருக்கிறதென்று அங்கேயே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.