நாணயம் வாங்க நாணயம் வேண்டும்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையிலே புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். பழங்காசு சேர்க்கப் புறப்படும் மாணவர்க்கு முதல் நாணயம் கையில் வருவதற்கு முன்னே இரண்டாம் நாணயம் நெஞ்சில் இருக்க வேண்டும். இக்கட்டுரையின் சாரம் இவ்வளவே.

அஞ்சல்தலை சேர்த்த காலம் போய், காசு சேர்க்கும் காலம் நம் மாணவரிடையே வந்திருக்கிறது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். கல்வெட்டைக் கோயிலுக்குச் சென்றுதான் படிக்க முடியும்; செப்பேட்டைக் கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்றுதான் காண முடியும். காசோ உள்ளங்கையில் வந்து அமரும் வரலாறு. முதலாம் இராஜராஜன் காலத்துச் செப்புக் காசு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம். மறு பக்கம் அமர்ந்த உருவம். அதன் கைக்கு அருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்ற பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு சந்தையில் உப்புக்கோ எண்ணெய்க்கோ கைமாறிய காசு அது! பாட நூலின் பத்துப் பக்கம் ஊட்டாத ஆர்வத்தை அந்த ஒரு காசு ஊட்டிவிடும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இங்கே ஒரு வழக்கு எழுகிறது. "பழங்காசை விலை கொடுத்து வாங்குவதே தவறு, அது இருக்க வேண்டிய இடம் அருங்காட்சியகம்" என்பார் ஒரு சாரார். "என் பணம், என் விருப்பம், கடையில் விற்கிறார்கள், வாங்குகிறேன், இதில் யாருக்கு என்ன?" என்பார் மறு சாரார். இவ்விரு சாராரோடும் நான் உடன்படவில்லை. ஏன் என்பதற்கு நம் தமிழகத்திலேயே சான்று உண்டு.

சங்க காலத் தமிழ் வேந்தர் காசு வெளியிட்டனரா என்பது அறிஞரிடையே நெடுங்காலம் ஐயமாகவே இருந்தது. 1980களின் நடுவில் 'பெருவழுதி' என்று தமிழ் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த பாண்டியர் செப்புக் காசு வெளிச்சத்துக்கு வந்தது. சதுரக் காசு, ஒரு புறம் குதிரை, மறு புறம் கோட்டுருவ மீன். அதை அறிந்து உலகுக்குச் சொன்னவர் 'தினமலர்' ஆசிரியராக இருந்து 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள். கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த 'மாக்கோதை', 'கொல்லிப்புறை' முதலிய சேரர் காசுகளையும் அவர் ஆராய்ந்து வெளியிட்டார். சங்க காலத் தமிழ்க் காசுகள் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1997இல் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெருவழுதிக் காசு அகழாய்வுக் குழியில் எடுக்கப்பட்டதன்று. பழங்காசு வியாபாரத்தின் வழியே ஆய்வாளர் கைக்கு வந்தது. வாங்க ஒருவர் இல்லாதிருந்தால் அந்தச் செப்புத் துண்டு பழைய உலோகத்தோடு சேர்ந்து உலைக்குப் போயிருக்கலாம். ஆகவே வாங்குவதே பாவம் என்ற வாதம் நிற்காது. காசு சேர்ப்பவர் பலமுறை வரலாற்றைக் காப்பாற்றியிருக்கிறார்.

அப்படியானால் கண்டபடி வாங்கலாமா? அதுவும் கூடாது. இதற்குச் சான்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. இன்று துணிக்கடைகளுக்குப் பேர்போன மாம்பலம் ஒரு காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர். அங்கே கிடைத்த புதையலில், சூரியன், மலை, மரம் போன்ற குறிகள் குத்திய வெள்ளி முத்திரைக் காசுகளோடு உரோமப் பேரரசன் அகஸ்டஸின் வெள்ளிக் காசு ஒன்றும் இருந்தது. முத்திரைக் காசில் மன்னன் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. அகஸ்டஸோ கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆண்டவன். அவன் காசு கூடவே கிடந்ததால், அந்தப் புதையல் அவன் ஆட்சிக்கு முன் புதைக்கப்பட்டிருக்க முடியாது என்பதும், முத்திரைக் காசுகள் அதுவரை இங்கே மதிப்போடு இருந்தன என்பதும் விளங்குகின்றன. ஊமைக் காசுகளைப் பேச வைத்தது அந்த ஓர் அயல்நாட்டுக் காசு! அதே புதையலைக் கண்டெடுத்தவர் பங்கு போட்டு, உரோமக் காசை ஒருவரிடமும் முத்திரைக் காசுகளை நால்வரிடமும் விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காசுகள் இருந்திருக்கும், அவை சொல்லும் செய்தி செத்திருக்கும்.

காசின் உயிர் அது கிடைத்த ஊரிலும், அதனோடு கிடைத்த துணையிலும் இருக்கிறது. விலை பேசும்போது அந்த உயிர் பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே சேர்ப்பவரின் கடமை. 'எவ்வளவு?' என்று கேட்பதற்கு முன் 'எந்த ஊரில் கிடைத்தது?' என்று கேளுங்கள். விடை வந்தால் வீடு வந்ததும் முதல் வேலையாக எழுதி வையுங்கள். விடை வரவில்லை என்றால் 'ஊர் தெரியாது' என்றே எழுதுங்கள். கற்பனையாக ஓர் ஊரைச் சூட்டுவது போலிக் காசு அடிப்பதை விடப் பெரிய குற்றம்.

இனி, தொடக்க நிலையில் உள்ள நண்பர்கள் கைக்கொள்ள வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வாங்கும் முன் பாருங்கள். காட்டாங்குளத்தூரில் மின்தொடர் வண்டி ஏறினால் நேரே எழும்பூரில் இறங்கலாம். அங்கிருந்து நடக்கும் தொலைவில் 1851இல் தொடங்கப்பெற்ற அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. (வெள்ளிக்கிழமை விடுமுறை.) புதையற் சட்டத்தின்படி மாவட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த காசுகள் அங்கே உள்ளன. நான்கைந்து முறை உண்மைக் காசுகளைக் கண்ணாறக் கண்ட பிறகு கடைக்குப் போங்கள். கண் பழகினால் கை ஏமாறாது. நூல்களுக்கும் குறைவில்லை. வால்டர் எலியட் தென்னிந்தியக் காசுகள் பற்றி 1886இல் நூல் வெளியிட்டார். 1889இலேயே டஃப்னெல் என்ற படை அதிகாரி, தென்னிந்தியாவில் காசு சேர்ப்போர்க்கென்றே குறிப்பு நூல் ஒன்றை எழுதினார். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே புதியவர்க்கு வழிகாட்டி வந்துவிட்ட துறை இது. படிக்காமல் வாங்க நமக்கு என்ன அவசரம்?

இரண்டாவது, எளியவற்றில் தொடங்குங்கள். இராஜராஜன் பெயர் தாங்கிய செப்புக் காசு, நாயக்கர் காலச் சிறு காசுகள், ஆற்காட்டு நவாபுகளின் காசு, கும்பினிக் காசு, ஒரு புறம் அம்மனும் மறு புறம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்தும் கொண்ட புதுக்கோட்டை அம்மன் காசு ஆகியவை மாணவர் கைக்கு எட்டக்கூடியவை. இவற்றிலேயே கற்க ஏராளம் உண்டு. இராஜராஜன் காசின் உருவ அமைப்பை இலங்கை மன்னர்களும் பின்பற்றினர். பராக்கிரமபாகு, லீலாவதி முதலியோர் காசுகள் முதற் பார்வைக்குச் சோழக் காசு போலவே இருக்கும். பெயரைப் படித்தவர்க்கு மட்டுமே வேறுபாடு விளங்கும். நாகரியில் பத்து எழுத்துக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப் பொழுது போதும். அந்த ஒரு மாலை நூறு ரூபாயை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, போலிகளிடம் விழிப்பாக இருங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. அச்சால் அடித்த காசில் கோடுகள் கூர்மையாக எழுந்து நிற்கும். அதை அச்செடுத்து வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றிப் பொருத்துக் கோடு தெரியும். மேற்பரப்பில் குமிழிக் குழிகள் இருக்கும். எடையும் ஒத்து வராது. சிறு தராசும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இல்லாமல் காசு வாங்கப் போவது குடையில்லாமல் ஐப்பசியில் புறப்படுவது போன்றது. இராமர் பட்டாபிஷேகமும் '1818' என்ற ஆண்டும் பொறித்த 'அரை அணா' கும்பினிக் காசு அன்று. பக்தர்க்காகவும் ஏமாளிகளுக்காகவும் பிற்காலத்தில் செய்யப்பட்டது. அது அரிசியை இழுக்கும், விண்வெளி ஆய்வுக்காரர்கள் கோடி கொடுத்து வாங்குவார்கள் என்று சொல்லி முன்பணம் கறக்கும் கூட்டத்தை நாளிதழ்களில் படிக்கிறோம். மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாகும் வரை பழம்பொருள் தேடுவோர் அங்கே நேரில் சென்று புரட்டிப் பார்த்தனர். இன்று கைப்பேசித் திரையில் படத்தைப் பார்த்தே பணம் அனுப்புகிறோம். பழைய நோட்டுக்கும் காசுக்கும் இலட்சம் தருவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. ஆசை கண்ணை மறைத்தால் பட்டம் பெற்றவனும் பாமரனே.

நான்காவது, தேய்க்காதீர்கள். வீட்டுச் செம்பைப் புளி போட்டு விளக்கிய பழக்கத்தில் செப்புக் காசையும் பளபளப்பாக்கத் தோன்றும். அதன் மேலுள்ள கரும்பச்சைப் படலம் அழுக்கன்று. பல நூற்றாண்டுகள் போர்த்திய கவசம். அதை உரித்தால் எழுத்தும் தேயும், மதிப்பும் போகும். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் மட்டும் அறிந்தவரிடம் காட்டுங்கள். மலிவான பிளாஸ்டிக் உறை செம்பை அரிக்கும். காகித உறையே நல்லது. உறையின் மேல் ஊர், வாங்கிய நாள், விலை, எடை ஆகிய நான்கையும் எழுதுங்கள்.

ஐந்தாவது, சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி, மண்ணுள் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியர்க்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பவர் எல்லாவற்றையும் இழந்துவிடுவார் என்பது தவறான எண்ணம். அரசு எடுத்துக்கொண்டால் விலை கொடுக்கவும் அச்சட்டம் வழி செய்கிறது. மறைப்பவர்க்குத்தான் தண்டனை. 1976 முதல் நடைமுறையில் உள்ள 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்ல முடியாது. விற்பனையாளர்க்கு உரிமமும் வேண்டும். மண் வாடை மாறாத காசுக் குவியலை மூட்டையாக ஒருவர் நீட்டினால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகி வாருங்கள். அதை வாங்குபவர் காசை வாங்கவில்லை. அடுத்த குழி தோண்டக் கூலி கொடுக்கிறார்.

இது எங்கோ கரூரில் நடப்பது, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். பல்லாவரத்தில் 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்தபோது இந்தியத் தொல்பழங்கால ஆய்வே ஒரு புதிய திருப்பம் கண்டது. பல்லாவரம் முதல் செங்கற்பட்டு வரையுள்ள மண் அத்தகைய மண். இன்று தாம்பரத்துக்குத் தெற்கே, கூடுவாஞ்சேரியிலும் பொத்தேரியிலும் காட்டாங்குளத்தூரிலும் வயல்கள் மனைகளாகின்றன. அடித்தளத்துக்காக இயந்திரங்கள் நாள்தோறும் பூமியைப் புரட்டுகின்றன. அந்த இயந்திரத்தின் அருகே நிற்கும் கூலித் தொழிலாளி நம் மாணவரின் தந்தையாக இருக்கலாம். வீடு கட்டுபவர் அண்டை வீட்டு மாமாவாக இருக்கலாம். பானை ஒன்று உடைந்து காசு சிதறினால், 'கை வைக்காதீர்கள், அப்படியே இருக்கட்டும்' என்று சொல்ல அங்கே ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை உருவாக்குவதே இந்தப் பொழுதுபோக்கின் மெய்யான பயன்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வரலாற்றுத் துறையில் பதிவேடு ஒன்று வைக்க வேண்டும். மாணவர் தம்மிடமுள்ள பழங்காசைக் கொண்டுவந்து காட்டி, அதன் படம், எடை, கிடைத்த ஊர் ஆகியவற்றைப் பதிவு செய்துவிட்டு, காசைத் தாமே திரும்ப எடுத்துச் செல்லட்டும். பெருஞ்செலவு ஏதுமில்லை, ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் போதும். பாட்டியின் சுருக்குப் பையிலிருந்தும் பூசை அறை உண்டியலிலிருந்தும் எத்தனை காசுகள் வெளிவரும் என்பதை அப்போது காண்போம். பத்தாண்டுகளில் அந்தப் பதிவேடே இப்பகுதியின் வரலாற்றுக்கு ஒரு மூலச் சான்றாகிவிடும்.

நண்பர்களே! காசு வாங்குங்கள். குறைவாக வாங்குங்கள், கேட்டு வாங்குங்கள், எழுதி வையுங்கள். நம் கைக்கு வந்த காசு இன்னும் பல கைகளுக்குப் போகும். அடுத்து வாங்குபவர் அதன் ஊரையும் பேரையும் நம்மிடமிருந்தே அறிய வேண்டும்.