உத்திரமேரூர்: கணக்கு காட்டாதவனுக்குப் பதவி இல்லை

காஞ்சிபுரம் வர்ற மக்கள் பட்டு எடுத்தோமா, காமாட்சியைக் கும்பிட்டோமான்னு கிளம்பிடறீங்க. பக்கத்துல உத்திரமேரூர் இருக்குங்க! வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு (கி.பி. 919, 921). 30 குடும்புக்கும் பேர் எழுதின ஓலையைக் குடத்துல போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க.

'உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம்'னு மார்தட்டறதுல எனக்கு உடன்பாடில்லை. அது பிராமணர் சபை; சொந்த நிலம், வேதப் படிப்பெல்லாம் இருந்தாத்தான் ஓலையில பேரே வரும். பெருமைப்பட வேண்டியது வேற ஒண்ணு. பதவியில இருந்துட்டு கணக்கு காட்டாதவன் பேரு குடத்துக்குள்ள போகாது. அவன் மட்டுமில்ல, நெருங்கின சொந்தக்காரங்க பேரும்தான்!

இந்த ஒரு விதியை இன்னைக்கு உள்ளாட்சித் தேர்தல்ல கொண்டு வரணும்ங்கறது என் கட்சி. எத்தனை பேர் தேறுவாங்கன்னு உங்க ஊரை வெச்சு நீங்களே எண்ணிப் பாருங்க...