விருது வந்தது, உயிர் வரவில்லை

வெளிநாட்டுக் கைதட்டலுக்காக எழுதுகிறார்கள் என்று போராளி எழுத்தாளர்களை ஏசுவது எளிது. நைஜீரியாவின் கென் சாரோ-விவாவை எடுத்துக்கொள்வோம். உள்நாட்டில் அவர் ‘பாசி அண்ட் கம்பெனி’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரால்தான் பிரபலம். நாடே பார்த்துச் சிரித்தது. ஷெல் நிறுவனத்தின் எண்ணெய் தன் இனமான ஒகோனி மக்களின் மண்ணைப் பாழாக்குகிறது என்று அவர் சொன்னபோதோ, ஒகோனி மக்களுக்கு அடுத்தபடியாகக் காதுகொடுத்தது வெளியுலகம்தான். 1995இல் அமெரிக்காவின் கோல்ட்மேன் விருது கிடைத்தபோது சிறையில் இருந்தார். அதே ஆண்டு நவம்பர் 10 அன்று ராணுவ அரசு அவரையும் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. மறுநாள் காமன்வெல்த் நைஜீரியாவை இடைநீக்கம் செய்தது; யாருக்கு என்ன பயன்? 2025இல்தான் அரசு மன்னிப்பு வழங்கியது. செய்யாத குற்றத்துக்கு எதற்கு மன்னிப்பு? அவர்களைத் தூக்குக்கு அனுப்பிய தீர்ப்பையே ரத்து செய்ய வேண்டும்.