வாலாட்டும் நாய் வளவுக்கு ஆகாதோ?

எங்கள் ஊரிலே ஒருவர் நாய் வளர்க்க விரும்பினால் அவர் வினாவும் முதல் வினா, "கடிக்குமோ?" என்பதே. கடிக்கும் என்று விடை வந்தால் அவருக்கு மகிழ்ச்சி. குரைக்கும் என்றால் ஓரளவு திருப்தி. யாரைக் கண்டாலும் வாலைக் குழைத்துக்கொண்டு ஓடிவரும் என்றாலோ, "அது எதற்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வர். நாயென்றால் காவல், காவலென்றால் கடி என்னும் இவ்வாய்பாடு எமது வளவுகளிலே வேலிக் கதியாலைப்போல் வேரூன்றி நிற்கின்றது. அஃது எத்துணைப் பிழையானது என்பதைச் சென்ற ஆவணி தொடக்கம் என் வீட்டு விறாந்தையிலே படுத்திருக்கும் சீவன் ஒன்று எனக்குக் கற்பித்து வருகின்றது. 28 ஆண்டுகளாகப் பிறர்க்கு இலக்கணம் கற்பித்தவன், இப்பொழுது நாயிடம் பாடங் கேட்கின்றேன்.

கைவிடப்பட்ட நாய்களைப் பேணும் காப்பகம் ஒன்றுக்கு என் மாணாக்கன் ஒருவன் என்னை அழைத்துச் சென்றான். நான் சென்றது நாய் கொண்டுவருவதற்கன்று. திவசத்துக்கு வாங்கி எஞ்சிய அரிசி மூடை ஒன்றைக் கொடுத்து வருவதற்கே. கம்பி வேலியின் படலை திறந்ததுதான் தாமதம், செம்மண் நிறத்துக் கடுவன் ஒன்று பாய்ந்து வந்து முன்னங்கால் இரண்டையும் என் மார்பிலே ஊன்றி நின்றது. வெளுத்த வேட்டியிலும் சால்வையிலும் சேற்றடிகள் பதிந்தன. யான் சினந்துகொள்ளுமுன் அது என் முழங்கையை நக்கி முடித்துவிட்டது.

அங்கு பணிசெய்பவர் ஓடிவந்து, "குறை நினையாதேங்கோ ஐயா. இவன் ஆரைக் கண்டாலும் இப்பிடித்தான். மூண்டு பேர் வந்து பாத்திட்டு, காவலுக்கு உதவான் எண்டு விட்டிட்டுப் போட்டினம்" என்றார். கடிக்கும் நாய்க்கு உடையவர் கிடைக்கின்றனர்; அன்பு செய்யும் நாய் அன்பு செய்தமையாலேயே அடைபட்டுக் கிடக்கின்றது. அந்த முறைகேடு என் மனத்தை உறுத்தியது. அன்று திரும்பி வந்துவிட்டேன். மூன்றாம் நாள் மீண்டும் போனேன்.

இந்நாய்கள் அங்கு வந்து சேர்ந்த வழியை நாம் அறியாதவர்களல்லேம். கண் திறவாத பெட்டைக் குட்டிகளைச் சாக்கிலே கட்டிச் சந்தை மதிலோரத்திலும் கோயில் வீதியிலும் இரவோடிரவாக இறக்கிவிட்டு வருவோர் நம்முள்ளே உளர். மறுநாட் காலையில் அதே கோயிலிலே நீறணிந்து நிற்பவர்களும் அவர்களே. வெளிநாடு போகிறவர் வீட்டைப் பூட்டித் திறப்பை உறவினரிடம் ஒப்படைப்பர். நாயை ஒழுங்கையிடம் ஒப்படைப்பர். தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை அரசு 2006 ஆம் ஆண்டிலே நிறுத்திற்று. நன்றே. ஆயினும், கொல்லாமை வேறு, பேணுதல் வேறு. பின்னதை எந்த அரசாணையும் எமக்காகச் செய்து தராது.

நாய் என்னும் சொல்லை யாம் வசைக்கே பெரிதும் வழங்குகின்றோம். மணிவாசகப் பெருமானே தம்மைத் தாழ்த்துவதற்கு நாயேன் என்றார் என்பர். உண்மைதான், ஆனால் தலைவனை விட்டு அகலாத அடிமைக்கு வேறெந்த விலங்கின் பெயரை அவர் தேடுவார்? ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் என நாய்க்குப் பெயர் பல. எகினம் என்னுஞ் சொல் அன்னத்துக்கும் உரியது, நாய்க்கும் உரியது. அன்னத்துக்கு அத்தனை பாட்டு, நாய்க்கு ஏன் இல்லை என்று மாணாக்கர் வினவினர். எனக்கு விடை தோன்றவில்லை.

நாலடியார் யானை போன்றார் நட்பை விட்டு நாய் போன்றார் நட்பைக் கொள்க என்கின்றது. பழகிய பாகனையே யானை கொல்லும். எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் நாய் வாலைக் குழைக்கும் என்பது அது காட்டும் காரணம். இவ்வெண்பாவை வகுப்பிலே விளக்கும்போது என் குரல் சற்றே தாழ்வதை மாணாக்கர் கவனித்திருப்பர், காரணம் அறியார்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தது. மழை. நானும் தாய் தந்தையரும் ஒரு சைக்கிளும். எங்கள் நாய் செம்மணி வரையும் பின்னே வந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனங்கள் நெருங்கி நின்று நின்று நகர்ந்த அவ்விரவிலே, அது மிதிபட்டுச் சாகும் என்றஞ்சி, "வீட்டை போ" என்று கல்லெடுத்து எறிந்தேன். கல் பட்டது. பட்டும் வாலை ஆட்டிற்று. இன்னொரு கல் எறிந்தேன். அதன்பின் அதனை நான் காணவில்லை. 1996 இல் மீண்டு வந்தபோது வளவிலே அதன் சங்கிலி மட்டும் துருப்பிடித்துக் கிடந்தது. நாயை விட்டுத் தேரேறுக என்று இந்திரன் அழைத்தபோது ஏற மறுத்தான் தருமன். யான் தருமன் அல்லேன். அன்று வேறென்ன செய்திருக்கலாம் என்று இன்றும் எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் காப்பகத்துக்கு மீண்டும் போனதற்கு அந்தக் கல்லும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இனி, வந்தவனின் குறைகளையுஞ் சொல்லவேண்டும். முதற் கிழமையிலே என் தோற்செருப்பு ஒன்று, மனைவி நட்ட செவ்வரத்தைக் கன்று இரண்டு, நன்னூற் காண்டிகையுரையின் பின்னட்டை ஆகியன அழிந்தன. கட்டி வையுங்கள் என்றனர் அயலார். கட்டினேன், துள்ளல் இரட்டித்தது, இரவெல்லாம் அழுகை. பின்னரே உணர்ந்தேன்: அது குணக்கேடன்று, இரண்டு வயதுக் கடுவனின் கால்களுக்கு வேலையின்மை. இப்பொழுது காலையில் ஒரு மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் தோட்ட வெளியிலே அவனோடு நடக்கின்றேன். சலரோகத்துக்கு நடக்கும்படி வைத்தியர் ஐந்தாண்டாகச் சொல்லியும் கேளாத நான், நாய் சொல்லக் கேட்கின்றேன். நடந்து வந்தபின் பாடம் முடியும்வரை மேசையின் கீழே உறங்குவான். இந்நேரத்தைக் கொடுக்க இயலாதவர் இத்தகைய நாயை எடாதிருத்தலே நன்று. கிழநாய்களும் அங்கே உள.

சைவ வீட்டில் அவனுக்கு மச்சம் காய்ச்சுவதா என்னும் வழக்கு மூன்று நாள் நடந்தது. வளவின் மூலையிலே தனியடுப்பும் தனிச்சட்டியும் என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பளித்தவரும், மீன்தலை அவிப்பவரும், வெள்ளிக்கிழமைகளில் தயிர்ச்சோறு குழைத்து வைப்பவரும் என் மனைவியே. ஞமலி என்று நான் இட்ட பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "ராசா" என்கிறார். நாயும் அதற்கே ஓடுகின்றது.

விசருக்கு அஞ்சுவோர்க்கு ஒரு சொல். அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியேயன்றி, நாயைத் துரத்துவதன்று. அவ்வூசியை அரச சுகாதாரத் துறையினர் இலவசமாகவே ஏற்றுகின்றனர். கருத்தடை செய்வித்தால் சாக்கில் கட்டக் குட்டியும் இராது. காவலைப் பற்றிக் கேட்போர்க்கு நேரே சொல்கின்றேன்: கள்வன் வந்தால் எங்கள் ராசா அவனையும் நக்குவான் என்றே நினைக்கின்றேன். படலையடியில் ஆள் வந்தால் இரண்டு முறை குரைப்பான். குரைத்துவிட்டு வாலை ஆட்டுவான். எங்கள் வீட்டிலே எடுத்துச் செல்லத்தக்கவை ஏடுகளும் அகராதிகளுமே. அவற்றைத் திருட ஒருவன் வருவானாயின் நானே படலையைத் திறந்துவிடுவேன்.

போன கிழமை மீண்டும் அரிசியோடு காப்பகத்துக்குப் போனேன். நெஞ்சிலே வெள்ளை படிந்த கறுத்தப் பெட்டை ஒன்று வேலியோடு என்கூடவே ஓடி வந்தது. ஒரு காது மடிந்திருக்கும். அதனைப் பார்க்க வந்தவர்களும் கடிக்குமோ என்றுதான் கேட்டனராம். இன்னும் அங்கேதான் நிற்கின்றது.