சிரிக்க வைக்கிற பாட்டு என்ன இளப்பமா?



நம் பழைய மாணவர் குழுவில் இளையராஜாவின் சிறந்த பாடல்கள் என்று ஆளாளுக்குப் பட்டியல் போட்டிருந்தீர்கள். ஒன்று விடாமல் வாசித்தேன். அம்மா பாட்டு, சோகப் பாட்டு, தாலாட்டு எல்லாம் இருக்கின்றன. ‘மைக்கேல் மதன காமராஜன்’ மட்டும் ஒருவர் பட்டியலிலும் இல்லை. கேட்டால், "அது காமெடிப் படம்தானே சார்" என்று ஒரு தம்பி பதில் போட்டிருக்கிறார். அதற்குத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

1990 தீபாவளிக்கு வந்த படம். கமலுக்கு நான்கு வேடம், கிரேசி மோகன் வசனம், சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம். படத்தை விட்டுவிட்டுப் பாட்டுகளை மட்டும் கேளுங்கள். நாடகம் பார்த்த மாதிரியே இருக்கும். ‘கதை கேளு’ பாட்டில் ராஜாவே வந்து, நம் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் விரித்துச் சொல்வதுபோல, நாலு பிள்ளைகள் பிறந்து பிரிந்த கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார்.

‘சுந்தரி நீயும்’ இருக்கிறதே, அதுதான் உச்சம். பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன் பாதி மலையாளம் பாதி தமிழில் காதல் சொல்கிறார். கமலே பாடியிருக்கிறார், கூட ஜானகியம்மா. வார்த்தை விளையாடுகிறது, மெட்டு விளையாடவே இல்லை. சுத்தமான கேதார ராகம், பின்னால் வயலின்கள், கல்யாண வீட்டு மரியாதை. சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. வாத்தியமும் சேர்ந்து கோமாளித்தனம் பண்ணியிருந்தால் சர்க்கஸ் ஆகியிருக்கும். நகைச்சுவை சொல்கிறவன் தான் சிரிக்கக் கூடாது, தெரியும்தானே?

‘பேர் வச்சாலும்’ வாலி எழுதியது. ஒரே ஓசை திரும்பத் திரும்ப வந்து மோதும். வான்சிறப்பு அதிகாரத்தில் இருக்கிற 12-ஆம் குறளை அந்த மெட்டில் பாடிப் பாருங்கள், அப்படியே உட்காரும்! (2021-இல் ‘டிக்கிலோனா’வில் மறுபடி வந்தபோது, புதுப் பாட்டு என்று நினைத்து ஆடிய பேரப்பிள்ளைகளும் உண்டு.)

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியது. எல்லாரும் பெருமைப்பட்டோம், எனக்கும் சந்தோஷம். ஆனால் சிம்பொனி என்றால் பெருமை, சிரிப்புப் பாட்டு என்றால் இளப்பம் என்கிற கணக்கு எனக்குச் சரிப்படவில்லை. அதுவும் நம் ஊர்க்காரர்கள் சொல்லலாமா? மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய குற்றாலக் குறவஞ்சி எது? சந்தமும் கேலியும் கலந்த இசை நாடகம். சிங்கியின் காலில் கிடப்பதைப் பார்த்துச் சிங்கன் பயந்து பயந்து கேட்பான். குறி சொல்லிச் சம்பாதித்த சிலம்பு என்று அவள் சாவதானமாகச் சொல்வாள். அந்த இடத்தில் வகுப்பே சிரித்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அதற்காகக் கவிராயரை யாராவது குறைத்துச் சொன்னோமா?

சீசனுக்கு வருகிறவர்கள் தென்காசியிலிருந்து குற்றாலம் போவதற்குள் ‘சுந்தரி நீயும்’ ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பிறகு பட்டியலைத் திருத்தி, அதற்கு எத்தனையாவது இடம் என்று கீழே எழுதுங்கள். முதல் பத்துக்குள் இல்லாவிட்டால் சிவப்பு மையை எடுத்துவிடுவேன்.