பேய் யாருக்கும் டிபன் கட்டுவதில்லை

இட்லிக்கு மிளகில் கண் வைத்தால் பேய். தோசையில் தக்காளி சாஸ் ஊற்றினால் ரத்தம். அமெரிக்காவில் அக்டோபர் 31 அன்று கொண்டாடும் ஹாலோவீன், கைப்பேசி வழியாக முதுகுளத்தூர் அடுப்படிக்கும் வந்துவிட்டது. பிள்ளை சிரித்துக்கொண்டே சாப்பிட வேண்டுமாம். அதற்கு அம்மா அரை மணி நேரம் முன்னதாக எழ வேண்டுமாம். அந்தப் பேய் இட்லியோடு எனக்குச் சண்டையில்லை. என் சண்டை அந்த அரை மணி நேரத்தோடுதான்.

விளையாட்டு என்றால் 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் அதில் இருக்க வேண்டும். ஏழரைக்குப் பள்ளி வேன் வந்து நிற்கிற வீட்டில் அந்த உரிமை யாருக்கு இருக்கிறது? வயிறு நிறையச் சமைத்தால் போதும் என்றிருந்தது, சத்தாகச் சமை என்றானது. பிறகு அழகாகச் சமை. இப்போது வேடிக்கையாகவும் சமை. கூடுகிற ஒவ்வொரு வேலைக்கும் அன்பு என்று பெயர்.

ஜப்பானிய மழலையர் பள்ளிகளின் மதிய உணவுப் பெட்டி பற்றி மானிடவியலாளர் ஆன் ஆலிசன் 1991-இல் ஒரு கட்டுரை எழுதினார். அலங்கரித்த அந்தச் சின்னப் பெட்டி, குழந்தையைப் பள்ளி ஒழுங்குக்கும் தாயைத் தாய்மை ஒழுங்குக்கும் பழக்குகிறது என்றார். பெட்டியைத் திறக்கும்போது மதிப்பெண் விழுவது தாய்க்கு. நம் ஊர் டிபன் பாக்ஸுக்கும் இது பொருந்தும்.

2024-ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்கள். ஊதியமில்லாத வீட்டுவேலை செய்பவர்களில் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். பேய்க்குக் கண் வைக்கும் நிமிடங்கள் எந்தக் கணக்கில் சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் பக்கம் விடியுமுன்னே மிளகாய்க் காட்டுக்குப் போகிற பெண்ணுக்கு இந்தக் கவலையே வேறு. அவள் பிள்ளைக்குச் சூடான காலை உணவு கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் தருகிறது. அதில் கண்ணும் மூக்கும் கிடையாது. ஆனால் ஒரு தாயின் காலைப் பொழுதை அது கொஞ்சம் திருப்பித் தருகிறது. அங்கேயும் அடுப்பு முன் நிற்பது பெண்கள்தான். ஆனால் அங்கே அது கூலியுள்ள வேலை.

பேய் வேண்டுமென்றால் நம்மிடமே இருக்கிறது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சுகின்றன. காளிக்குப் படைக்கின்றன, குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் வார்க்கின்றன, தாங்களும் வயிறு முட்டக் குடித்துக் கூத்தாடுகின்றன. சமைத்தவள் கடைசியில் பாத்திரம் வழித்துத் தின்னும் வழக்கம் அங்கே இல்லை. காரைக்கால் அம்மையார் கணவனுக்கு மாங்கனி பரிமாறிய பெண். அவன் அஞ்சி விலகிய பிறகு, அவர் வேண்டிப் பெற்றது பேய் வடிவம். பேயான பின் அவர் யாருக்கும் இலை போடவில்லை, பாடினார். கோபப்படுகிற பெண்ணை இன்றும் 'பேய்' என்று ஏசுகிறார்கள். அடங்காத அந்தப் பேயை விட்டுவிட்டு, தட்டில் சிரிக்கும் பேயை மட்டும் நம்மிடம் கேட்கிறார்கள்.

மாவில் உருவம் பிடித்து விளையாடுவதும் நமக்குப் புதிதல்ல. தென்மாவட்டப் பெண்கள் செவ்வாய்க்கிழமை இரவில் கூடி ஔவையார் நோன்பு இருப்பார்கள். பச்சரிசி மாவில் உப்பில்லாமல் விதவிதமான உருவங்களில் கொழுக்கட்டை பிடிப்பார்கள். ஆண்கள் பார்க்கக்கூடாது, ஆண் குழந்தைகூட அங்கே இருக்கக்கூடாது. விடிவதற்குள் தாங்களே தின்று முடிப்பார்கள். வேண்டுதல் என்னவோ கணவன், பிள்ளை நலம்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த இரவின் சிரிப்பும் கேலியும் கொழுக்கட்டையும் அவர்களுடையவை. மதிப்பெண் போட அங்கே எவரும் இல்லை.

ஆகவே மாணவிகளே, தோழிகளே, பேய் இட்லி செய்ய ஆசையிருந்தால் செய்யுங்கள். மாவை முந்தின இரவே பிள்ளைகளின் அப்பா ஆட்டி வைக்கட்டும். கண்ணும் பல்லும் பிள்ளைகளே வைக்கட்டும். அவர்கள் தின்று முடித்த தட்டை அவர்களே கழுவட்டும். முதல் இட்லியைச் சூடாக, உட்கார்ந்து, நீங்கள் தின்னுங்கள். இதற்கு வீட்டில் யாராவது முகம் சுளித்தால், அவர்கள் கேட்டது விளையாட்டை அல்ல, வேலைக்காரியைத்தான்.