முத்தம் அல்ல, மூச்சு
தேவதைக் கதையை நாவலாக்குகிறவர்கள் பலருக்கும் இப்போது ஒரே சூத்திரம்தான்: சூனியக்காரியை நல்லவளாக்கிவிடுவது. அலுத்துப்போன வித்தை.

ஜேன் யோலன் 1992இல் எழுதிய ‘பிரையர் ரோஸ்’ வேறு ரகம். பேத்திகளுக்குத் ‘தூங்கும் அழகி’ கதையையே ஓயாமல் சொல்லிவந்த பாட்டி, அந்த இளவரசி தானேதான் என்று சொல்லிவிட்டுக் கண்மூடுகிறாள். கடைசிப் பேத்தி பெக்கா போலந்து வரை போய்த் துப்புத் துலக்குகிறாள். கதையில் எல்லோரையும் உறங்கவைத்த மூடுபனி, ஹெல்ம்னோ கொலைமுகாமில் நாஜிகள் யூதர்களை வண்டிக்குள் அடைத்துச் செலுத்திய எஞ்சின் புகை. இளவரசனின் முத்தம்? பிணக்குழியிலிருந்து மீட்கப்பட்டவளின் வாயில் ஊதிய மூச்சு.

குழந்தைக் கதை இவ்வளவு பாரம் தாங்குமா என்ற சந்தேகம் நியாயமானதே. ஹெல்ம்னோவிலிருந்து உயிர்தப்பிய பெண் எவரையும் தமக்குத் தெரியாது என்று யோலனே நாவலின் பின்குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். அதை மறைத்திருந்தால் இந்த மறுகதை வெறும் ஏமாற்றாகியிருக்கும்.